கரப்பானுக்கு எண்ணெய் எங்கே உதவும், எங்கே உதவாது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான் என்னும் குடியிருப்புகளிலும் நடுச்சாமத்தில் விளக்கெரியும் வீடுகள் சில உண்டு. கைக்குழந்தை முகத்தைத் தலையணையில் தேய்த்துத் தேய்த்து அழும். நாலு வயதுப் பையன் தூக்கத்திலேயே முழங்கை மடிப்பைப் பிறாண்டுவான். விடிந்து பார்த்தால் போர்வையில் ரத்தப் பொட்டு. மறுநாள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். “ரத்தம் கெட்டுப் போச்சு.” “உடம்புச் சூடு, இளநி குடு.” “மாசமா இருக்கும்போது நீ கருவாடு தின்ன இல்ல, அதான்.” கடைசிப் பேச்சு மருமகள் தலையில் போய் விழும். அந்தப் பழியை முதலில் இறக்கி வைப்போம். தாய் கருவாடு தின்றதால் பிள்ளைக்குக் கரப்பான், அதாவது எக்ஸிமா, வருவதில்லை. ரத்தம் கெட்டும் வருவதில்லை. தோலின் மேலடுக்கு தனக்குரிய காவலைச் செய்ய முடியாமல் தளர்ந்துபோவதில் தொடங்கும் நோய் இது. அதைப் புரிந்துகொண்டால், வீட்டில் பாட்டி வைத்திருக்கும் மருந்துகளில் எது உதவும், எது கெடுக்கும் என்பதை நாமே பிரித்துப் பார்த்துவிடலாம்.

தோலின் மேல்படலம் தட்டையான செல்களை அடுக்கி, இடையிடையே கொழுப்பைப் பூசிக் கட்டியது. பழைய லயத்துப் பலகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: பலகை பலகையாக நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட்டால் சாரல் உள்ளே வரும். எக்ஸிமா தோலில் அந்த இடைவெளி இருக்கிறது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. வெளியிலிருந்து சோப்பு, தூசு, வியர்வை உப்பு, கிருமி எல்லாம் உள்ளே இறங்குகின்றன. செல்களை இறுக்கிப் பிடிக்கவும் ஈரத்தைத் தக்கவைக்கவும் உதவும் புரதம் ஒன்றுக்கு ஃபிலாக்ரின் என்று பெயர். அதை உண்டாக்கும் மரபணுவில் பிழை இருப்பவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பதை 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தம் கூட்டாளிகளோடு சேர்ந்து கண்டார்கள். எல்லா நோயாளிக்கும் இந்தப் பிழை இருப்பதில்லை. ஆனால் அழற்சி ஒருமுறை தொடங்கிவிட்டால் அதுவே ஃபிலாக்ரின் சுரப்பைக் குறைத்துவிடும்.

உள்ளே இறங்கிய தூசையும் கிருமியையும் உடம்பின் எதிர்ப்பு சக்தி எதிரியாக எடுத்துக்கொள்கிறது. இன்டர்லூக்கின் 4, 13, 31 என்று எண் வைத்து அழைக்கும் சில சமிக்ஞைப் பொருள்கள் பெருகுகின்றன. இதில் 31 நேராக நரம்பைத் தொட்டு அரிப்பைக் கிளப்பும். அரித்தால் சொறிகிறோம், சொறிந்தால் மேலடுக்கு இன்னும் கிழிகிறது, கிழிந்ததால் இன்னும் அரிக்கிறது. பிள்ளையைப் பார்த்து “சொறியாதே” என்று அதட்டுவது பலிக்காததற்குக் காரணம் இந்தச் சுழல்தான். நகத்தை வெட்டிவிட்டு, அரிப்பை அடக்க வழி பார்ப்பதே வேலைக்கு ஆகும். இழைப்பும், காலையில் அடுக்குத் தும்மலும் உள்ள குடும்பத்தில் இது கூடுதலாக வரும். தொற்றாது, ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

நம் தோலில் இது எப்படித் தெரியும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவப் புத்தகங்களில் காட்டும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். சிவந்த திட்டு பளிச்சென்று தெரியும். கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சாம்பல் பூத்த பழுப்பாக, சில சமயம் ஊதா சாயலில் இருக்கும். மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்ன முட்களாக எழும்பும். கையால் தடவினால்தான் பிடிபடும். நாள்பட்ட இடம் தடித்து, கோடு கோடாகக் கறுத்துவிடும். சிவக்கவில்லையே, லேசானதுதான் என்று விட்டுவிடுவது இதனால்தான் நடக்கிறது. குழந்தையின் கன்னத்தில் வெளிறிய வட்டம் தெரிந்ததும் “வயிற்றில் பூச்சி” என்று பூச்சி மருந்து கொடுப்போரும் உண்டு. அந்த வட்டம் பல வேளைகளில் லேசான எக்ஸிமா ஆறிய தடம். வயிற்றுக்கும் அதற்கும் உறவில்லை.

வேறு இரண்டோடு இதைக் குழப்பிக்கொள்வதும் வழக்கம். விரல் இடுக்கில், இடுப்பு வாரில், ராத்திரியானால் தாங்க முடியாத அரிப்பு, வீட்டில் ஒருவர் பின் ஒருவராக எல்லாருக்கும் வருகிறதென்றால் அது சொறிப்பூச்சி. மலாயில் கூடிஸ் என்பது இதைத்தான். அதற்கு வீடு முழுக்க ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். வட்டமாக ஓரம் தடித்து நடுவில் தெளிந்து பரவினால் படர்தாமரை. படர்தாமரையில் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கிரீமைத் தடவினால் இரண்டு நாள் அடங்கினாற்போல் இருந்து, உருவம் தெரியாமல் மாறி, பிறகு அகலமாகப் படரும். என்ன நோய் என்று உறுதியாகாமல் எதையும் பூச வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஐந்தில் ஒரு குழந்தை வரை பாதிக்கும் நோய் இது; உலகமெங்கும் இருக்கிறது. ஆனால் நம் ஊருக்கென்று சில தூண்டுதல்கள் உண்டு. வெயிலும் புழுக்கமும் முதலாவது. கழுத்து மடிப்பில், முழங்கால் பின்னால் வியர்வை தேங்கி உப்பு உறுத்தும். பள்ளிச் சீருடையின் பாலியஸ்டர் துணி அதை உலரவும் விடாது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் தூசுப்பூச்சி செழித்து வளரும். நாம் உதிர்க்கும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. பழைய கெக்காபு (இலவம்பஞ்சு) தலையணையும் பஞ்சு மெத்தையும் உறை மாற்றாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அதற்கு அதைவிட நல்ல வீடு வேண்டாம். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது நல்லதுதான். ஆனால் அதனால் மட்டும் எக்ஸிமா அடங்கிவிடும் என்று எதிர்பார்த்து மெத்தைக்குப் பெரிய செலவு செய்ய வேண்டாம். கிடைக்கும் பலன் அளவானது. 1997, 2015, 2019 போலப் புகைமூட்டம் அடர்ந்த ஆண்டுகளில் மூச்சோடு தோலும் பாடுபடும். அந்த நாள்களில் வெளியிலிருந்து வந்ததும் உடம்பைக் கழுவி எண்ணெய் பூசுவது உதவும்.

வேலைக்கு வருவோம். பால்மரம் வெட்டிய தலைமுறை பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலத்திலும், உறையாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியாவிலும் கையை வைத்திருந்தது. செம்பனைக்கு மருந்தடித்தவர்கள் பாராகுவாட் பட்டுக் கை வெந்தார்கள். 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் அதற்குத் தடை. இன்று அவர்கள் பிள்ளைகள் பலர் தொழிற்சாலை வேனில் ஏறுகிறார்கள், கையுறைத் தொழிற்சாலைகள் உட்பட. எட்டு மணி நேரம் ரப்பர் உறைக்குள் வியர்த்து ஊறிய கையைக் கழற்றிப் பார்த்தால் விரல் நுனி வெளுத்து, கணுக்களில் கீறல் கீறலாக வெடித்திருக்கும். புளி கரைத்தால் உயிர் போகும். சிலருக்கு ரப்பர் பாலிலுள்ள புரதம் ஒவ்வாது. இன்னும் பலருக்கு, ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம், கார்பமேட் போன்ற வேதிப்பொருள்தான் ஒவ்வாமைக்குக் காரணம். உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டு மேலே ரப்பர் உறை மாட்டுவதும், வேர்த்ததும் உள்ளுறையை மாற்றுவதும் பெரிய நிவாரணம். அடங்காவிட்டால் ஒட்டுச் சோதனை செய்து எந்தப் பொருள் ஆகவில்லை என்று கண்டுபிடிக்கலாம். கை போனால் வேலை போகும் என்று மறைத்துக்கொண்டு உழைக்கிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. வேலையால் வரும் தோல்நோய், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் தொழில்நோயாக இழப்பீடு கேட்கத் தக்கது என்பதை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி மருந்து. தேங்காய் எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் வீட்டு மருந்துகளில் சோதனைக்கு நின்று தேறியது அதுதான். பிலிப்பைன்ஸில் லேசானதும் நடுத்தரமானதுமான எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, 8 வாரம் ஒரு பாதிக்குச் சுத்தத் தேங்காய் எண்ணெயும் மறு பாதிக்கு மினரல் ஆயிலும் பூசினார்கள். 2014-ல் வெளியான முடிவு இது: நோயின் கடுமை தேங்காய் எண்ணெய்க் கூட்டத்தில் சராசரி 68 விழுக்காடு குறைந்தது, மினரல் ஆயிலில் 38. காரணம் புரியக்கூடியதே. எண்ணெய் ஈரத்தை அடைத்து வைக்கிறது. அதோடு தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். எக்ஸிமா தோலில் குடியேறி அழற்சியைக் கிளறும் ஸ்டாபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியை அது ஒடுக்குகிறது. எண்ணெயெல்லாம் ஒன்றுதானே என்று எண்ண வேண்டாம். ஆலிவ் எண்ணெய் மேலடுக்கைத் தளர்த்துகிறது என்று 2013-ல் பிரிட்டனின் ஷெஃபீல்டில் செய்த ஆய்வு காட்டியது. நிலக்கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளைப் புண்பட்ட தோலில் தடவிய குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை கூடுதலாக வந்ததை 2003-ல் இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு பதிவு செய்தது. வாசனையும் நிறமும் சேர்த்துப் போத்தலில் வரும் தலைமுடி எண்ணெய் இதற்கு ஆகாது. தேங்காய்ப்பாலை இளந்தீயில் காய்ச்சி, கசடு பொன்னிறமாக அடியில் தங்கியதும் வடித்தெடுக்கிறோமே, அந்த எண்ணெய் போதும். கருக விடாதீர்கள், மஞ்சளோ கற்பூரமோ அதில் போடாதீர்கள்.

எப்போது பூசுகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. காய்ந்த தோலில் எண்ணெய் தேய்த்தால் காய்ந்ததையே மூடி வைக்கிறோம். முதலில் தண்ணீர். கொதிக்கும் சுடுநீரும் வேண்டாம், குளியலறைக் கோலாத் தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றும் பனித் தண்ணீரும் வேண்டாம். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் ஐந்து முதல் பத்து நிமிடம். துண்டை ஒற்றியெடுங்கள், துடைக்காதீர்கள். தோலில் இன்னும் ஈரம் மின்னும்போதே, மூன்று நிமிடத்துக்குள், உள்ளங்கையில் எண்ணெயைச் சூடுபறக்கத் தேய்க்காமல் பரப்பி, முடி வளர்ந்த திசையிலேயே கீழ்நோக்கி நீவிவிடுங்கள். மேல்நோக்கித் தேய்த்தால் மயிர்க்கால் அடைபட்டுக் கட்டி வரலாம். காலையும் இரவும், அரிக்கும்போது நடுவிலும். எண்ணெய் பிசுபிசுப்பு வெயிலில் வேர்க்குருவை வரவழைத்தால் பகலில் கிளினிக் கொடுக்கும் கிரீம், இரவில் எண்ணெய் என்று மாற்றிக்கொள்ளலாம். நம்மவர்கள் செய்யும் பெரும் தவறு அளவு: ஒரு குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம் வரை ஈரப்பசைக் களிம்பு தேவைப்படும். தொட்டுத் தொட்டு வைத்தால் போதாது. கிளினிக்கில் தரும் அக்குவஸ் கிரீமைச் சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவப் பயன்படுத்துங்கள். பூசி அப்படியே விட்டால் அதிலுள்ள நுரைப்பொருள் சில குழந்தைகளுக்கு எரியும்.

சோப்பு இந்த நோய்க்கு முதல் எதிரி. தோலின் இயல்பு லேசான புளிப்பு. சாதாரணச் சோப்புக் கட்டி காரம், கிருமிநாசினிச் சோப்பு இன்னும் உறைப்பு. “சொறி இருக்கு, நல்லா தேய்ச்சுக் குளிப்பாட்டு” என்று சொல்லும் பாட்டியின் அன்பில் குறையில்லை, ஆனால் தேய்க்கத் தேய்க்கப் பலகை இடைவெளி பெரிதாகிறது. தீபாவளி எண்ணெய்க் குளியலில் நன்றாக ஊறியதைச் சீயக்காய் ஒரே தேய்ப்பில் உருவி எடுத்துவிடும். எக்ஸிமா பிள்ளைக்குத் தலையோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓட்ஸ் பற்றியும் நல்ல செய்தி. அதை நைசாக அரைத்துத் தண்ணீரில் கலந்தால் பால்போல் வெளுக்கும். அதிலுள்ள அவெனந்திரமைடு என்னும் பொருள் அரிப்பைத் தணிக்கும். தோல் பாதுகாப்புப் பொருளாக அமெரிக்கா 2003-ல் அதை முறைப்படி ஏற்றது. மளிகைக் கடை ஓட்ஸை மிக்சியில் மாவாக்கி, பழைய காலுறையில் கட்டி, பக்கெட் தண்ணீரில் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கடைசியாக ஊற்றிக்கொள்ளலாம். வீட்டில் ஓட்ஸ் இல்லையென்றால் சோறு வடித்த கஞ்சியை ஆற வைத்து நீர் விட்டுப் பயன்படுத்தலாம். அரிசி மாச்சத்துக் குளியல் சேதமான தோல் ஆறுவதற்கு உதவியதாக 2002-ல் பெல்ஜிய ஆய்வொன்று காட்டியது. உப்புப் போட்டதும் புளித்ததும் வேண்டாம்.

கற்றாழையில் ஒரு நுணுக்கம் உண்டு. மடலை வெட்டியதும் தோலுக்கடியிலிருந்து மஞ்சள் பால் வடியும். அது எரிச்சல் தரும். மடலைக் கால் மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி அதை வடிய விட்டு, தோல் சீவி, நடுச்சோற்றை நன்றாகக் கழுவி எடுத்தால் குளிர்ச்சி. வெடித்த புண்ணில் அதையும் வைக்க வேண்டாம். அருகம்புல் தைலம் போன்ற சித்த மருந்துகள் பல தேங்காய் எண்ணெயில் காய்ச்சியவை; முன்கையின் உள்புறத்தில் சிறிதளவு இரண்டு மூன்று நாள் தடவிப் பார்த்து ஒவ்வினால் பயன்படுத்தலாம்.

வேப்பிலையும் மஞ்சளும் நம் மனத்துக்கு நெருக்கமானவை. அவற்றைக் குறை சொல்ல மனமில்லாமல்தான் எழுதுகிறேன். வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் குளித்த முடிவில் ஊற்றுவதால் பெரிய தீங்கில்லை. அதன் பிறகு எண்ணெய் பூச மறக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் வேப்பிலையும் பச்சை மஞ்சளும் அரைத்த விழுதைப் பற்றுப் போட்டுக் காய விட்டு உரித்தால், அது ஈரத்தையும் மேலடுக்கையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும். மஞ்சள் சிலருக்கு ஒவ்வாமையும் தரும். எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர், பூண்டு விழுது ஆகிய மூன்றும் எக்ஸிமா தோலுக்கு எரிகாயம்தான்; பூண்டால் கொப்புளம் எழுந்த குழந்தைகள் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேப்பெண்ணெயைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுப்பது. வேப்பெண்ணெய் குடித்த கைக்குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மயக்கத்தோடு மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டு வந்ததை 1981-ல் நம் நாட்டு மருத்துவர்களே லான்செட் இதழில் பதிவு செய்தார்கள். ஒரு கரண்டிதான், ஒரு சொட்டுதான் என்ற பேச்சே வேண்டாம்.

சாப்பாட்டுப் பக்கம். கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், இறால், கருவாடு, முட்டை என்று பட்டியல் நீண்டு, கடைசியில் பிள்ளை சோறும் ரசமும் மட்டும் தின்று இளைத்துப் போகும். நடுத்தர, கடும் எக்ஸிமா உள்ள சில கைக்குழந்தைகளுக்கு முட்டை, பசும்பால், கடலை ஒவ்வாமை உண்மையிலேயே உண்டு. அவர்களுக்குத் தின்ற சற்று நேரத்தில் உதடு வீங்கும், தடிப்பு எழும், வாந்தி வரும். அந்த அடையாளம் இல்லாமல் பண்டங்களை நிறுத்துவது எடையைக் குறைக்கும், நோயைக் குறைக்காது. 2015-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 640 கைக்குழந்தைகள் இருந்தார்கள்; கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ளவர்கள். முதல் வயதுக்குள்ளேயே கடலை உணவைத் தொடங்கிய பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆகவே விலக்குவதும் சேர்ப்பதும் மருத்துவரோடு பேசிச் செய்ய வேண்டியவை.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கும் “மூலிகை” டப்பாக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்டீராய்டு என்றாலே தோல் மெலியும், அடிமைப்படுத்தும் என்று பயந்து மருத்துவர் கொடுத்த கிரீமைக் குப்பையில் போடுகிறவர்கள், மூன்றே நாளில் பளிச்சென்று ஆறியது என்று அந்த டப்பாவை மெச்சுகிறார்கள். இலைச்சாறு மூன்று நாளில் அப்படி ஆற்றாது. பேட்டாமெத்தசோன் போன்ற வீரியமான ஸ்டீராய்டும் தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோனும் கலந்த அழகுப் பொருள்களை நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்து வருகிறது. பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தில் மால் என்று தொடங்கி டி என்று முடியும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். அழகுப் பொருளாக மட்டும் அறிவித்தவற்றுக்கு நோயைக் குணமாக்கும் என்று சொல்லிக்கொள்ள உரிமையே கிடையாது. எது எவ்வளவு இருக்கிறதென்று தெரியாத ஸ்டீராய்டைக் குழந்தையின் முகத்தில் மாதக்கணக்கில் தடவுவதுதான் தோலை மெலிய வைக்கும்.

மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு வேறு கணக்கு. பெரியவரின் சுட்டுவிரல் நுனி முதல் முதல் கணு வரை குழாயிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். முகத்துக்கும் மடிப்புக்கும் மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன், தடித்த இடத்துக்குச் சற்று வலுவானது, குறிப்பிட்ட நாள் மட்டும். ஈரப்பசையோடு ஒரே நேரத்தில் குழைக்காமல் சிறிது இடைவெளி விட்டுப் பூசுவது வழக்கம். அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அடங்காத நோய்க்கு அங்கிருந்தே ஈப்போ பொது மருத்துவமனைத் தோல் பிரிவுக்குக் கடிதம் வாங்கலாம். டக்ரோலிமஸ் களிம்பு, 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமேப் ஊசி என்று கடுமையானவர்களுக்கு மேலும் வழிகள் உண்டு. ஊசி விலை அதிகம்.

காத்திருக்கக் கூடாத நேரம் ஒன்று இருக்கிறது. எக்ஸிமா உள்ள பிள்ளைக்குத் திடீரெனக் காய்ச்சலோடு, திட்டுகள் மேல் கொத்துக் கொத்தாக ஒரே அளவு நீர்க்கொப்புளம் எழும்பி, உடைந்து குழி குழியாக வலிக்கிறதென்றால் ஹெர்பிஸ் கிருமி புகுந்திருக்கலாம். நம் வீடுகளில் அதைப் பார்த்ததும் அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலையைப் பரப்பி, மருந்து கூடாது என்று பிள்ளையை அறையில் வைத்துவிடுவார்கள். ஆத்தாள் மேல் பக்தி இருக்கட்டும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், கண் பக்கம் வந்திருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது. மஞ்சள் பொருக்குக் கட்டிச் சீழ் வடிந்தால் அது கிருமித் தொற்று. அதற்கும் மருத்துவர் தேவை.

எல்லாம் ஆறி, தோல் மிருதுவான பிறகு பலர் எண்ணெயையும் கிரீமையும் ஒன்றாக நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த மாதமே பழையபடி. அடிக்கடி வெடிக்கும் அதே மடிப்புகளில் மருத்துவர் சொன்னால் வாரம் இரண்டு நாள் ஸ்டீராய்டைத் தொடர்வதும், எண்ணெய் அல்லது ஈரப்பசையை நல்ல தோலிலும் தினமும் பூசுவதும் மறுபடி வெடிப்பதைக் குறைக்கும். கறுத்த தடம் மங்க மாதங்கள் ஆகும்; அதை வெளுக்க வைக்க வேறு கிரீம் தேட வேண்டாம்.